அனுஷத்தின் நடு உடுவும் அதன் துணையும்

அனுஷம் என்று நாங்கள் சொல்லும் மூன்று உடுக்களில் நடுவில் நிற்பது டெல்டா ஸ்கோர்பி. சிவந்த கேட்டைக்குச் சற்று முன்னதாக உதிக்கும். 2000ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அதைப் பெரும்பாலானோர் விசேஷமாகக் கவனித்ததில்லை. அந்த ஆண்டு ஆர்ஜென்டினாவில் செபஸ்தியான் ஒட்டேரோ என்ற ஆர்வலர், அயல் உடுக்களோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து, அது வழமையைவிடப் பிரகாசமாக இருக்கிறது என்று அறிவித்தார். வித்தியாசம் ஒரு தரத்தில் பத்தில் ஒன்று அளவுதான். உடனே நிறமாலை எடுத்துப் பார்த்தவர்கள், ஐதரசனின் சிவப்புக் கோடு கறுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒளிர்வதைக் கண்டார்கள். உடுவைச் சுற்றி ஒரு வாயுத் தட்டு உருவாகிக்கொண்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 2.3ஆம் தரத்தில் கிடந்த உடு 1.6 வரை ஏறியது (தர எண் குறையக் குறைய ஒளி கூடும்). அதே 2000 செப்டெம்பரில் அதன் துணை உடு, 10.8 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மிகக் கிட்டிய புள்ளியைக் கடந்து போனது.

தட்டு எழுந்ததற்கும் துணை வந்ததற்கும் தொடர்பு உண்டா? திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டு மேல்தளத்தில் இத்தனை வருடமாக என்னை இருத்தி வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

நான் தொழிலால் பௌதிகவியல் ஆசிரியன். பகலில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோண உந்தம் படிப்பிப்பேன். இரவில் அதே கோண உந்தம் ஒரு உடுவில் இருந்து வாயுவுக்கும், வாயுவில் இருந்து இன்னொரு உடுவுக்கும் கைமாறுவதைப் பதிந்து வைப்பேன். இரண்டையும் ஒரே வேலையாகத்தான் நான் எண்ணுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 2000இல் திருகோணமலையில் இப்படி ஒரு வேலையை யாரும் செய்திருக்க முடியாது. துறைமுகத்தைப் பார்த்த வீட்டின் மேல்தளத்தில், இருட்டில், குழாய் மாதிரியான ஒரு பொருளை நிமிர்த்தி வைக்கிற துணிச்சல் அந்த நாளில் எவருக்கும் வந்திராது. பொழுது பட்டால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தோம். உலகமெல்லாம் அனுஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எங்கள் கூரைக்கு மேலாலேயே போய்க்கொண்டிருந்தது என்பதைப் பிறகு வாசித்து அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 2011 ஜூலையில் துணை மறுபடி வந்தது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம். அப்போது என் கையில் இருந்தது ஒரு பைனாகுலர் மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கும் காலம், மழை இல்லை, வானம் திறந்து கிடந்தது. உடுவைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியாது என்பதும் தெரிந்தே பார்த்தேன்.

இந்த உடு எங்கள் அகலக்கோட்டுக்குச் சொந்தமானது என்று நான் உரிமையோடு சொல்வேன். திருகோணமலையில் அது உச்சிக்கு வரும்போது அடிவானத்தில் இருந்து 59 பாகை உயரத்தில் நிற்கும். பரிஸில் 19 பாகைக்கு மேல் ஏறாது. ஐரோப்பாவில் திறமான கருவி வைத்திருப்பவர்கள்கூடக் கூரை விளிம்புக்கும் மரங்களுக்கும் இடையில் அதைத் தேட வேண்டும். இன்னொரு பொருத்தமும் உண்டு. நவம்பர் பிற்பகுதியில் சூரியன் இந்த உடுவின் பக்கத்தால் போகிறது. அப்போது உலகில் எங்கிருந்தும் அதை இரவில் பார்க்க முடியாது. எங்களுக்கு வாடைக் காற்றோடு மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். கார்த்திகைக் கூட்டத்து உடுக்களை மழை எங்களிடம் இருந்து பறித்துவிடும். அனுஷத்தை அது தொடுவதில்லை.

இப்படி வாயுத் தட்டு சூழ்ந்த உடுக்களை பி-ஈ வகை என்பார்கள். சூடான, பெருந்திணிவுள்ள பி வகை உடுக்களில், நிறமாலையில் ஒளிர்கோடு காட்டுபவை. முதலில் கண்டவர் ரோமாபுரியில் இருந்த பாதிரியார் அஞ்சலோ செக்கி. 1866இல், காமா கசியோப்பியா என்ற உடுவில். அந்தக் கோடு ஏன் ஒளிர்கிறது என்பதற்கு 1931இல் ஒட்டோ ஸ்ட்ரூவ ஒரு விளக்கம் சொன்னார்: உடு அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று நடுக்கோட்டில் இருந்து வாயுவை இழக்கிறது. எங்கள் சூரியனின் நடுக்கோட்டில் சுழற்சி வேகம் செக்கனுக்கு 2 கிலோமீற்றர். இந்த உடுக்கள் பலவற்றில் அது 300, 400 கிலோமீற்றர். இன்னும் கொஞ்சம் உந்தல் கிடைத்தால் மேற்பரப்பு வாயு கழன்று வெளியே போய்விடும்.

கழன்ற வாயு எப்படித் தட்டாக விரிகிறது என்பதை 1991இல் லீ, ஒசாகி, சயோ மூவரும் தெளிவாக்கினார்கள். உள்வளையம் வேகமாகச் சுற்றுகிறது, வெளிவளையம் மெதுவாகச் சுற்றுகிறது. பிசுக்குமையால் உள்வளையம் தன் கோண உந்தத்தை வெளிவளையத்துக்குக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட வாயு வெளியே நகர்கிறது. கொடுத்த வாயுவில் பெரும்பகுதி உடுவிலேயே திரும்ப விழுகிறது. உடு வாயு கொடுப்பதை நிறுத்தினால் தட்டு உள்ளிருந்து வெளியாக வெறுமையாகும். தட்டை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, அதுவே கரைந்துவிடும்.

இங்கேதான் துணை உள்ளே வருகிறது. எங்கள் துறைமுகத்தில் நீரை ஏற்றி இறக்கும் அதே வற்றுப்பெருக்கு விசை அங்கே தட்டின் வெளிவிளிம்பில் வேலை செய்கிறது. விளிம்பு வாயு துணையை முந்திக்கொண்டு சுற்றுகிறது. துணை அதைப் பின்னுக்கு இழுக்கிறது. வாயு இழக்கும் கோண உந்தம் துணையின் பாதைக்குப் போய்ச் சேர்கிறது. பிசுக்குமை வாயுவை வெளியே தள்ளும் அளவும் துணை அதைத் தடுக்கும் அளவும் சமமாகும் இடத்தில் தட்டு நின்றுவிடும். அந்த எல்லை பரிவு ஏற்படும் இடங்களில் விழும். துணை ஒருமுறை சுற்றி வருவதற்குள் வாயு மூன்று தரம் சுற்றும் தூரம் அப்படிப்பட்ட ஓரிடம். 2001இல் ஒகசாகியும் நெகெருவேலாவும் நியூத்திரன் உடுவைத் துணையாகக் கொண்ட பி-ஈ உடுக்களுக்கு இதைக் கணித்துக் காட்டினார்கள். வெளியே போக வழியடைபட்ட வாயு உள்ளே சேரும். அதனால் வெட்டுப்பட்ட தட்டு, வெட்டுப்படாததைவிட உட்பக்கம் அடர்த்தியாக இருக்கும். ரேடியோ அலையில் பார்த்தால், வெளிப்பகுதி இல்லாததால் எதிர்பார்த்த ஒளி வராமல் குறைந்து நிற்கும். துணை கண்ணுக்குத் தெரியாத பல உடுக்களில் அந்தக் குறைவே துணைக்குச் சாட்சி.

என் வேலை இதன் ஒரு சிறு மூலை. பரிஸில் லாஷப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணர், பாவித்த லைரெஸ் நிறமாலைக் கருவி ஒன்றை அங்கே வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் சூட்கேசில், சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினார். எட்டு அங்குலத் தொலைநோக்கியின் பின்னால் அதைப் பூட்டினேன். உடுவின் ஒளி ஒரு மயிரிழைப் பிளவுக்குள்ளால் போய், மில்லிமீற்றருக்கு 2400 கோடு கீறிய கீற்றணியில் பட்டு, கமராவில் ஒரு மெல்லிய கிடைக்கோடாக விழும். சிவப்பில் 656.28 நானோமீற்றருக்குப் பக்கத்தில் அந்தக் கோடு திடீரென்று வெளுக்கும். அதுதான் தட்டு. நானூறு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி நிற்கும் உடு எவ்வளவு பெரிய தனித் தொலைநோக்கியிலும் ஒரு புள்ளிதான். அந்த வெளுத்த துண்டுக்குள் தட்டின் சுழற்சி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது: எங்களை நோக்கி வரும் பாதி நீலப்பக்கம், விலகிப் போகும் பாதி சிவப்புப்பக்கம். இரண்டு கொடுமுடிகள் எழும். அவற்றுக்கு இடையேயான தூரம் குறைந்தால் தட்டு பெரிசாகியிருக்கிறது, ஏனென்றால் வெளிவிளிம்பு மெதுவாகச் சுற்றுவது. தூரம் கூடினால் விளிம்பு உள்ளே வந்துவிட்டது. நீலக் கொடுமுடி சிவப்பைவிட உயர்ந்தால், தட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அடர்த்தி.

துறைமுகத்தின் வெளிச்சம் இதற்கு இடைஞ்சல் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. இரண்டாம் தர உடுவைப் பிளவுக்குள் பிடித்துவிட்டால் ஊர் வெளிச்சம் பொருட்டல்ல. இடைஞ்சல் கடல். எங்கள் காற்றில் உள்ள நீராவி, ஐதரசனின் கோட்டைச் சுற்றி ஊசி ஊசியாகக் கறுப்புக் கோடுகளைப் பதித்துவிடும். மலை உச்சி வானாய்வகங்களில் அவை மெல்லிசாக இருக்கும். கடல் மட்டத்தில், புழுக்கமான இரவில், சிறு கொடுமுடி ஒன்றையே விழுங்கும் அளவுக்கு ஆழமாக இருக்கும். முதலில் அவற்றை எதிரியாக நினைத்தேன். பழகிய பிறகு அவைதான் எனக்குக் காவல். நீராவிக் கோடுகளின் அலைநீளம் மாறாது. நியோன் விளக்கின் 653.29, 659.90 நானோமீற்றர்க் கோடுகளால் அளவுகோலைச் சரிபார்த்த பின், நீராவிக் கோடுகளும் தங்கள் இடத்தில் நின்றால், அந்த இரவின் அளவை நம்பலாம். நின்றால்தான் பரிஸுக்கு அருகே மெடோன் வானாய்வகத்தில் நடக்கும் பெஸ் தரவுத்தளத்துக்கு அனுப்புவேன். அங்கே இன்னொருவர் சரிபார்த்துத்தான் ஏற்றுவார். உலகெங்கும் என்னைப்போல வீட்டு மேல்தளத்தில் இருந்து அனுப்புகிறவர்களின் நிறமாலைகளும் பெரிய வானாய்வகங்களின் நிறமாலைகளும் அங்கே ஒரே வரிசையில் இருக்கின்றன.

உப்புக்காற்றைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு கட்டுரையாகும். கருவியின் ஒவ்வொரு ஆணிக்கும் எண்ணெய் போட வேண்டும் என்பதோடு விடுகிறேன்.

ஒரே மாதிரி இரண்டு தட்டு இல்லை. இந்த வேலையில் என்னை அலுக்கவிடாதது அதுதான். கும்ப ராசியில் உள்ள பை அக்குவாரியின் துணை 84 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நீல-சிவப்பு ஏற்றத்தாழ்வும் அதே 84 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. துணை இழுத்த பக்கம் வாயு கூடுகிறது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. இடப ராசியில் சீட்டா ரோறி வேறு கதை. அதன் துணைக்கு 133 நாள். ஆனால் தட்டின் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1400 நாளுக்கு ஒருமுறை ஆடியது; துணையின் தாளத்துக்கு அது கட்டுப்படவில்லை. தட்டுக்குள் ஒற்றைக் கை அலை ஒன்று தன்பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபை பெர்சியில் துணையே ஒரு சூடான சிறு உடு. ஒரு காலத்தில் பெரிசாக இருந்து, தன் மேலுறை முழுவதையும் பக்கத்து உடுவுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சிய கரு. அது தன்னை நோக்கிய தட்டின் விளிம்பைச் சூடாக்குகிறது, அந்த இடம் 127 நாளுக்கு ஒரு சுற்றாகத் துணையோடு கூடவே போகிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள பிளையோனி. அதன் துணை 218 நாளில், நீண்ட பாதையில், தட்டின் தளத்துக்குச் சரிந்து சுற்றுகிறது. தட்டின் உட்பகுதி உடுவின் நடுக்கோட்டோடு ஒட்டி நிற்கப் பார்க்கிறது. வெளிப்பகுதியைத் துணை சாய்க்கிறது. உடு வாயு கொடுத்துக்கொண்டிருக்கும் வரை தட்டு ஒன்றாகப் பிடித்து நிற்கும். கொடுப்பது குறைந்ததும் பிடி தளர்ந்து தட்டு சாயும், கடைசியில் உள்தட்டு வேறு வெளித்தட்டு வேறாகக் கிழியும். 2022இல் மார் என்பவரும் கூட்டாளிகளும், ஏறத்தாழ 34 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பிளையோனியின் நீண்ட மாற்றங்களை இப்படி விளக்கினார்கள். மழை மாதங்களில் உச்சியில் நிற்கும் உடு என்பதால் என்னிடம் அதன் நல்ல பதிவு மிகக் குறைவு. அது ஒரு குறை. தீர்க்க முடியாத குறை.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; அங்குள்ள 2.34 மீற்றர்த் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. பி-ஈ உடுக்களின் ஐதரசன் கோட்டை அங்கிருந்து பல வருடம் பதிந்திருக்கிறார்கள். 2008இல் மாத்யூ, அன்னபூரணி சுப்ரமணியம், பட் மூவரும் 207 இளம் உடுக்கொத்துக்களைத் துழாவி, அவற்றில் 42 கொத்துக்களில் 157 ஒளிர்கோட்டு உடுக்களைக் கண்டெடுத்துப் பட்டியலிட்டார்கள். லிங்கநகரில் இருந்து நான் அனுப்பும் ஒரு கோட்டுக்குப் பின்னால் இப்படிப் பலரின் உழைப்பு நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

துணையைப் பற்றி அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எச்.ஆர். 6819 ஒரு பாடம். 2020இல் ரிவினியஸ் தலைமையிலான குழு, அந்த உடுத்தொகுதியில் பி-ஈ உடு ஒன்றும், 40 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இன்னொரு உடுவும் கண்ணுக்குத் தெரியாத கருந்துளை ஒன்றும் இருப்பதாக அறிவித்தது. ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் கருந்துளை! பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2022இல் ஃபுரோஸ்ட் தலைமையில் முதற்குழுவினரும் சேர்ந்தே மறுபடி பார்த்தார்கள். கருந்துளை இல்லை, மேலுறை உரிந்த உடு ஒன்றும், அந்த உறையை வாங்கி வேகம் பிடித்த பி-ஈ உடுவும் ஒன்றையொன்று 40 நாளில் சுற்றிக்கொண்டிருந்தன. இரு குழுவும் எதிர்த்து நிற்காமல் ஒன்றாக உட்கார்ந்து உண்மையைத் தேடியதை நான் பெரிதாக மதிக்கிறேன். பி-ஈ உடுக்கள் பலவற்றுக்கு இந்தச் சுழற்சி துணையிடம் வாங்கியதுதான் என்ற கருத்துக்கும் அது பலம் சேர்த்தது. எல்லா பி-ஈ உடுக்களும் அப்படித்தான் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

அனுஷத்துக்குத் திரும்புகிறேன். அதன் துணையின் பாதை மிக நீண்டது, மையவகற்சி 0.94. கிட்ட வரும்போது இரண்டுக்கும் இடையே பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு. தூரப் போகும்போது சூரியனில் இருந்து யுரேனஸ் இருக்கும் தூரத்தையும் தாண்டிவிடும். பத்து வருடத்துக்கு மேல் தூரத்தில் கிடந்துவிட்டு, சில கிழமைகளில் உள்ளே வந்து போகிறது. 2011இல் தட்டு சிதறிப்போகும் என்று பலர் காத்திருந்தார்கள். மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கி வரிசையால் அதைப் படம் பிடித்தார்கள். உட்தட்டில் பெரிய சிதைவு எதுவும் இல்லை.

அடுத்த சந்திப்பு 2022 ஏப்ரல், மே. அந்த மாதங்களை இலங்கையில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. ஊர் இருண்டு, துறைமுகத்துக்கு மேலே பால்வீதி தெரிந்தது. "மாஸ்டருக்கு நல்ல காலம்" என்று அயலவர்கள் மனம் நிறைந்து சொன்னார்கள். ஆனால் எனக்கு வேண்டியது கரண்ட். கமராவைக் குளிராக்க வேண்டும், தொலைநோக்கி உடுவோடு திரும்ப வேண்டும், நியோன் எரிய வேண்டும். முன்வீட்டு அண்ணை தன் லொறி பெற்றியைக் கழற்றித் தந்தார். லொறி எப்படியும் டீசல் இல்லாமல் நின்றது. இரவில் எப்போது கரண்ட் வந்தாலும் மதிலுக்கு மேலால் கூப்பிடுவார்: "மாஸ்டர், வந்திட்டுது, பெற்றியைச் சார்ஜில போடுங்கோ!"

ஒழுங்கையின் தொங்கலில் இருக்கும் பிள்ளை ஒன்று, அந்த வருடம் உயர்தரம் படித்தவள், தாயோடு வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கேட்டாள்: "சேர், சின்னது இவ்வளவு கிட்ட வந்தா பெரிசோட மோதாதா?"

"மோதாது பிள்ளை. உடுவைவிட இடைவெளி எத்தனையோ மடங்கு பெரிசு. தட்டின்ர விளிம்பைத்தான் உரசும்."

"அப்ப விளிம்பில இருந்த வாயு எங்க போகும்?"

நல்ல கேள்வி. கொஞ்சம் துணையோடு போகும், கொஞ்சம் வெளியே எறிபடும், மிச்சம் உள்ளே தள்ளப்பட்டு அடர்த்தியாகும் என்றேன். எந்த அளவில் என்பதைத்தான் இந்தக் கோட்டில் தேடுகிறோம் என்றேன். அன்று முதல் நியோன் பதிவை அவளே எடுத்தாள்.

அந்தக் கிழமைகளில் முதலில் தெரிந்தது முழுக்கோடுமே நகர்வது. துணை கிட்ட வந்து சுழன்று போகும்போது பெரிய உடுவும் பதிலுக்கு அசையும். தட்டு அதோடு சேர்ந்து அசையும். நீராவிக் கோடுகள் தங்கள் இடத்திலேயே நிற்க, ஐதரசனின் கோடு மட்டும் இரவுக்கு இரவு தள்ளிப்போய், பிறகு திரும்பியது. கணிப்பொறியில் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை கைதட்டினாள். பத்து வருடம் கணக்கில் மட்டும் இருந்த துணை, கண்ணுக்கு முன்னால் ஒரு வளைவாக எழுந்து நின்றது. எனக்கும் நெஞ்சு அடைத்தது. கோட்டின் உருவத்தில் வந்த மாற்றம் இதைவிட அடக்கமானது. 2011இல் போலவே உட்தட்டு தன்பாட்டில் இருந்தது.

என் முடிவு இது. 2000இல் ஒளிர்வு தொடங்கியது துணை கிட்ட வருவதற்கு மாதங்கள் முன்னதாகவே. 2011இலும் 2022இலும் துணை வந்து போனதால் அப்படிப் புதிதாக ஒரு தட்டு எழவில்லை. ஆகவே தட்டைத் தொடங்குவது உடுவின் சொந்த வேலை. துணையின் ஆட்சி தட்டின் வெளிவிளிம்பில்தான். சந்திப்பு நாட்களுக்கு மட்டும் கருவியைத் திருப்புகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். துணை தூரத்தில் கிடக்கும் வருடங்களில் விளிம்பு எவ்வளவு வேகமாக வெளியே பரவுகிறது, கொடுமுடிகள் எவ்வளவு நெருங்குகின்றன என்ற பதிவு இல்லாமல், சந்திப்பின்போது எவ்வளவு வெட்டுப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுமே நடக்காத வருடத்தின் நிறமாலைக்கும் அதே மதிப்பு உண்டு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்த சந்திப்பு 2033இன் தொடக்கத்தில் வருகிறது. பெப்ரவரியில் அனுஷம் நள்ளிரவு தாண்டி உதிக்கும். விடியப்புறம் நாலு மணிக்கு வேலை செய்யக்கூடிய உயரத்தில் நிற்கும். மழை அநேகமாக ஓய்ந்திருக்கும். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பேன், ஆகவே காலையில் பாடசாலைக்கு ஓட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். லீவில் வரும்போதெல்லாம் மேல்தளத்துக்கு ஏறி, என் பதிவுகளில் இருந்து கொடுமுடி இடைவெளிகளைத் தன் நிரலால் மறுபடி அளக்கிறாள். இரண்டு வருடத்துப் பதிவுகளில் அவளுடைய அளவும் என்னுடைய அளவும் ஒத்துவரவில்லை. நீராவிக் கோடுகளை நீக்கும் முறை இருவருக்கும் வேறு. அடுத்த லீவில் அவற்றை இருவரும் சேர்ந்து முதலில் இருந்து பார்க்கப் போகிறோம்.